இரண்டரை

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்குப்
பிள்ளைக் காம்பராவில் வகுப்பு.
முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி நாற்காலிகள்.
வீரமலை உட்கார்ந்துவிட்டார்.
எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.
தொட்டில் கட்டும் வளையத்தில்
வெள்ளைப் பலகையைத் தொங்கவிட்டிருந்தாள்
அட்டனிலிருந்து வந்த கோகிலவாணி மிஸ்.

ஐம்பது தாண்டிய பதினோரு பேர் நாங்கள்.
கொழுந்து வெட்டும் மெசின் வந்திருக்கிறதாம்.
பாஸானால் கையில் தருவார்களாம்,
இல்லாவிட்டால் புல்லு வெட்டப் போகலாமாம்.
மேசைமேல் கிடந்தது அது,
சம்பள நாளில் கறிக்கு வாங்கிய கோழி மாதிரி.
யாரும் கிட்டே போகவில்லை.

மிஸ் படிவம் எடுத்தாள்.
முன் அனுபவம்?
"பதினாறு வயசுல கூடை மாட்டுனேன்.
இப்ப அம்பத்தி நாலு."
"அது இல்லம்மா, மெசின்ல."
இல்லை என்று எழுதிக்கொண்டாள்.
அவள்மேல் குற்றமில்லை,
கட்டம் அவ்வளவு சின்னது.

பிறகு ஆளுக்கொரு புத்தகம்.
"முதல் வரியை வாசிங்க."
"தெரியலைங்க மிஸ்."
அடுத்த ஆள். "தெரியலைங்க."
அதற்கும் அடுத்த ஆள்.
அவள் குரல் இளகிப் போனது.
சுவரில் இருந்த அணிலைத் தொட்டு
"அ" என்றாள், பால்பற்களுக்குச் சொல்வதுபோல.

எனக்குக் கோபம் வந்தது.
தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு நான்.
"மிஸ், எழுத்து தெரியும்.
எழுத்துதான் தெரியலை."
ஒரு நிமிசம் எடுத்தது அவளுக்கு.

ஞானம்மாள் சட்டைக்குள் கைவிட்டு
ஒரு கண்ணாடியை எடுத்தாள்.
பொகவந்தலாவை நடைபாதையில் வாங்கியது,
ஒரு பக்கக் காலுக்குப் பதில் நூல்.
அது மூக்கு மூக்காகப் போனது.
போட்ட ஆள் வாசிப்பார், கழற்றிக் கொடுப்பார்.
கத்தி ஓடும்போது விரலை
என்பது வரை வீரமலை.
உள்ளே விடக்கூடாது
என்று நான் முடித்தேன்.

அடுத்த கிழமை மிஸ் கொண்டுவந்தாள்
ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கண்ணாடி.
யார் காசு என்று கேட்டோம்.
"பாடத்துக்கு வாங்க" என்றாள்.
எனக்கு விழுந்தது இரண்டரை.

அன்றிரவு லயத்தில்
அரிசியில் கல் தெரிந்தது.
கட்டைவிரல் வெடிப்புக்குள் கறை
கறுப்பு ஓடையாக இறங்குவது தெரிந்தது.
மருமகள் முகத்தில் சலிப்பு தெரிந்தது
(அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்).
பிஸ்கட் டின்னைத் திறந்து
சம்பளத் துண்டுகளை விரித்தேன்.

சந்தா. கோயில். மரண உதவி. தேயிலைத்தூள்.
சலவை, முப்பது.

சலவைக்கு வந்த முத்துவீரன்
மண் சரிந்த வருசம் போய்ச் சேர்ந்தார்.
ஆள் வைக்கவில்லை அவருக்குப் பிறகு.
பீலித் தண்ணியில் நானேதான் துவைக்கிறேன்
பதினோரு வருசமாக.
பெருக்கல் ஞாபகம் வந்தது.
மூவாயிரத்துத் தொளாயிரத்து அறுபது.
மறுபடி போட்டேன்.
அதே தொகை.

மூன்றாம் ஞாயிறு பேட்டரி பாடம்.
பச்சை விளக்கு என்றால் என்ன,
சிவப்பு என்றால் என்ன.
"சந்தேகம் இருந்தா கேளுங்க."
துண்டை நீட்டினேன்.
மிஸ் வாசித்தாள், திருப்பினாள்,
கணக்கப்பிள்ளையின் மோட்டார்சைக்கிள்
வெளியே நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.
"இது பாடத்துல இல்லையேம்மா."

இல்லைதான்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும், தகரத்தில்.
பிறகு பேட்டரியை அழித்தாள்.
பலகையில் நீளமாய்க் கோடு இழுத்து
இந்தப் பக்கம் வரவு,
அந்தப் பக்கம் கழிவு என்று எழுதினாள்.
"வேற யாருகிட்ட துண்டு இருக்கு?"
மடியிலிருந்தும் பையிலிருந்தும் எழுந்தது
பழைய காகிதத்தின் வாசம்.

மெசின் மேசையிலேயே கிடந்தது.
நாலரை ஆகியும்
வீரமலை எழும்பவில்லை.
எழுப்பச் சொல்லவும் இல்லை.